பழைய வேக்போர்டு படகு: எதைப் பார்த்து வாங்குவது?

மே மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் ஏரிக்கரை ஊர்களில் பல வீடுகளின் முன்னால் டிரெய்லர் மீது ஏற்றிய படகுகள் ‘விற்பனைக்கு’ அட்டையோடு நிற்கும். ஜார்ஜியாவின் லேனியர், வட கரோலினாவின் நார்மன், டெக்சாஸின் டிராவிஸ் ஆகிய மூன்றுமே ஆற்றை மறித்து அணை கட்டியதால் உண்டான பெரிய ஏரிகள். அவற்றை ஒட்டிய அட்லாண்டா, சார்லட், ஆஸ்டின் நகரங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வாடகைப் படகில் ஒருமுறை ஏறி இறங்கினாலே, சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன என்ற ஆசை வந்துவிடும். புதுப் படகின் விலை ஒரு லட்சம் டாலரை எப்போதோ தாண்டிவிட்டது. அதனால் பேச்சு பழைய படகில் வந்து நிற்கிறது.

வாங்குகிறவர் முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. படகு இழுக்க, வேக்போர்டு பலகையில் நின்றபடி அதன் அலையில் ஏறித் தாவும் மகனுக்குப் பெரிய அலை வேண்டும். டியூபில் உட்கார்ந்து கூச்சலிடும் சின்னவளுக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கும் வசதியான இடமும் நிழலும் வேண்டும். ஒரே படகு இருதரப்புக்கும் ஒத்துவருமா என்பது முதல் கேள்வி. அடுத்தது, பதினைந்து இருபது ஆண்டு ஓடிய படகை எதை வைத்து எடைபோடுவது? முதல் கேள்வியைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள், ஆனால் பணம் கரைவது இரண்டாவதில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பலகை முந்தியது, படகு பிந்தியது

1985-இல் சான் டியேகோவில் டோனி ஃபின் ‘ஸ்கர்ஃபர்’ என்ற பலகையைக் கொண்டுவந்தார். அலைச்சறுக்குப் பலகையைப் படகின் பின்னால் கட்டி இழுக்கும் யோசனை அது. 1990-இல் ஹெர்ப் ஓபிரையனின் ‘ஹைப்பர்லைட்’ வந்தது. நீரில் எளிதாக அமிழ்த்தித் தொடங்கக்கூடிய மெல்லிய பலகை என்பதால், விளையாட்டு பெரும்பாலோருக்குக் கைகூடியது. ஆனால் அப்போது இழுத்தவை வாட்டர் ஸ்கீயிங்குக்காகச் செய்த படகுகள். ஸ்கீ வீரருக்குப் படகின் பின்னால் எழும் அலை, அதாவது பின்னலை, எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வேக்போர்டு வீரருக்கோ நேர் எதிர்.

இந்த முரண்பாட்டைத் தீர்த்தது 1997-இல் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் ஏர் நாட்டிக்’. இழுகயிற்றைத் தலைக்கு மேல் உயரத்தில் கட்டுவதற்கான குழாய்க் கோபுரத்தோடு அது வந்தது. கயிறு மேலிருந்து இழுப்பதால் தாவுகிறவர் காற்றில் கூடுதல் நேரம் நிற்க முடிந்தது. சில ஆண்டுகளில் மாஸ்டர்கிராஃப்ட், மாலிபு, சூப்ரா, மூம்பா, டீஜே, சென்சூரியன் எல்லாம் அதே பாதைக்கு வந்துவிட்டன. இன்று பழைய படகுச் சந்தையில் புழங்குபவை பெரும்பாலும் இந்த 1997-க்குப் பிந்தைய பரம்பரைதான்.

எஞ்சின் எங்கே இருக்கிறது?

படகின் பெயரைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. எஞ்சின் நடுவில் இருந்து, தண்டு நேராகப் பின்னோக்கிச் சென்று சுழலியைத் திருப்பினால் அது டைரக்ட் டிரைவ். எடை நடுவில் இருப்பதால் பின்னலை சிறியது, ஸ்கீயிங்குக்கு அருமை. ஆனால் உட்காரும் இடத்தின் மையத்தையே எஞ்சின் பெட்டி பிடித்துக்கொள்ளும். நாலு பேருக்கு மேல் ஏறினால் நெரிசல்தான்.

எஞ்சின் பின்கோடியில் திரும்பி நிற்க, தண்டு முன்னோக்கிப் போய் ஒரு பல்சக்கரப் பெட்டி வழியாக மடங்கிப் பின்னால் வந்தால் அது வி-டிரைவ். எடை பின்னால் அழுத்துவதால் அலை பெரிதாகிறது. நடுப்பகுதி காலியாவதால் அங்கே சோபா போல இருக்கைகள் வளைந்து வருகின்றன. ஆக, தாவுகிறவருக்கும் உட்காருகிறவருக்கும் நன்மை செய்வது ஒரே ஏற்பாடு. அலையா குடும்பமா என்ற சண்டைக்கு வி-டிரைவ் வந்தபோதே பாதி முடிவு கிடைத்துவிட்டது.

மூன்றாவது வகை, சுழலி படகின் முதுகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெர்ன் டிரைவ். விலை மலிவு, கடல் போன்ற அலையடிப்பிலும் சுகமான ஓட்டம், ஆழமற்ற கரையில் சுழலியை மேலே தூக்கிக்கொள்ளலாம். டியூபும் எப்போதாவது வேக்போர்டும் போதும் என்பவர்களுக்கு இது தவறான தேர்வல்ல. ஆனால் கயிற்றை விட்டுவிட்டுப் படகின் பின்னாலேயே அலையில் மிதந்து வரும் வேக்சர்ஃபிங்குக்கு இது கூடவே கூடாது. ஆள் விழுகிற இடத்தில் சுழலி சுழன்றுகொண்டிருக்கும். முன்னோக்கிப் பார்க்கும் சுழலியுடன் 2015-ஐ ஒட்டி வோல்வோ பென்டா கொண்டுவந்தது போன்ற அமைப்புகள் மட்டும் விதிவிலக்கு. டைரக்ட் டிரைவிலும் வி-டிரைவிலும் சுழலி படகின் வயிற்றுக்கடியில், பின்படி மேடைக்கு முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

இந்த இரு வகைக்கும் குறை உண்டு. சுழலியும் சுக்கானும் அடியில் நிலையாக இருப்பதால் மணல் கரையில் நேராகக் கொண்டுபோய் ஏற்ற முடியாது. பின்னோக்கி ஓட்டும்போது படகு ஒரு பக்கமாக இழுக்கும், சுக்கான் பேச்சைக் கேட்காது. படகுத்துறையில் சேர்ப்பதைப் பழகிக்கொள்ளச் சில வாரங்களாவது ஆகும்.

அலையின் கணக்கு

அலை என்பது படகு ஒதுக்கித் தள்ளும் நீர். எடை கூடினால் அலை கூடும். அதற்காகப் படகுக்குள் ஏரி நீரையே பம்ப் மூலம் தொட்டிகளிலோ பைகளிலோ நிரப்புகிறார்கள், இதுதான் பாலஸ்ட். ஒரு கேலன் நீர் 8.3 பவுண்டு. 1,000 பவுண்டு ஏற்ற வேண்டுமானால் ஏறத்தாழ 120 கேலன் பிடிக்கும். ஆலையிலேயே பொருத்திய தொட்டி இல்லாத படகிலும் தனியாகப் பை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எடை பையில் இருந்தாலும் இருக்கையில் இருந்தாலும் அலைக்கு ஒன்றுதான். பத்துப் பேர் ஏறினால் அவர்களே எழுநூறு கிலோ பாலஸ்ட்!

வேகமும் அலையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வேக்போர்டுக்கு மணிக்கு 20 முதல் 24 மைல், சர்ஃபிங்குக்கு 10 முதல் 12 மைல், ஸ்கீயிங்குக்கு 30-க்கு மேல். வேகம் ஒரு மைல் ஆடினாலும் பலகையில் நிற்பவருக்குத் தெரியும். ஆகவே வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வகை எஞ்சின் சுழற்சியை வைத்துக் கணக்கிடும். ஆட்கள் ஏறி இறங்கினால் மாற்றி அமைக்க வேண்டும். 2000களின் இறுதியிலிருந்து ஜி.பி.எஸ். வகை பரவியது. பழைய படகில்கூட இதைப் பின்னர் பொருத்தலாம் என்பதால், இது இல்லை என்பதற்காக நல்ல படகைக் கைவிட வேண்டாம்.

சர்ஃபிங் அலையில்தான் பெரிய விலைப் பிளவு இருக்கிறது. 2013 மாடல்களில் மாலிபுவின் ‘சர்ஃப் கேட்’டும் நாட்டிக்கின் சர்ஃப் அமைப்பும் வந்தன. பின்புறத்தில் ஒரு தகடு நீண்டு நீரைத் தாமதப்படுத்தி ஒரு பக்கத்து அலையைச் சுத்தமாக்கும். அதற்கு முந்தைய படகுகளில் எல்லாரையும் ஒரு பக்கம் உட்காரவைத்துப் படகைச் சாய்த்துத்தான் அலையை எழுப்பினார்கள். இந்தத் தகடு உள்ள படகுக்கும் இல்லாத படகுக்கும் விலையில் பெரும் இடைவெளி. ஆனால் உறிஞ்சு குமிழ்களால் ஒட்டிக்கொள்ளும் தனித் தகடுகள் சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு அது தாராளமாகப் போதும். முதன்முதலாக எழுந்து நிற்கும் பிள்ளைக்குப் பெரிய அலை உதவி செய்வதில்லை, பயமுறுத்துகிறது. வீட்டிலேயே சிறந்த ஆட்டக்காரரை அளவாக வைத்துப் படகு வாங்கினால் மற்ற எல்லாருக்கும் அது பொருந்தாத சட்டை.

குடும்பம் ஏறும்போது

இருபது அடிக்கு உட்பட்ட படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்ற கொள்ளளவுத் தகடு அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி கட்டாயம்; பெரிய படகுகளிலும் பல நிறுவனங்கள் பதிக்கின்றன. பதினான்கு பேர் என்று எழுதியிருந்தால் பதினான்கு பேரை ஏற்றிவிட்டுப் பாலஸ்டையும் நிரப்பலாம் என்று பொருளல்ல. படகு தாழ்ந்து ஓடும்போது சட்டென்று வேகத்தைக் குறைத்தால் அதன் அலையே திரும்பி வந்து திறந்த முன்பகுதியில் புகும். பிள்ளைகள் விரும்பி உட்காரும் இடம் அதுதான். எட்டுப் பேர் வசதியாக உட்கார 21, 22 அடி போதும். 23, 24 அடிப் படகு இன்னும் சுகம். ஆனால் வீட்டுக் கொட்டகை, இழுக்கும் வண்டி, ஏரியின் அகலம் மூன்றும் அதற்கு ஒத்துவர வேண்டும்.

நிழல் தரும் துணிக்கூரை, ஏற ஏணி, வழுக்காத பின்மேடை, ஈர உடைகளை வைக்கப் பெட்டி ஆகியவை விளம்பரத்தில் கடைசி வரியில் வரும். பாட்டிக்கோ அவைதான் முதல் வரி.

பாதுகாப்பில் மூன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, எஞ்சின் ஓடும்போது பின்மேடையில் யாரும் உட்காரக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மயக்கி நீரில் தள்ளிவிடும். பின்மேடையைப் பிடித்துக்கொண்டு இழுபடும் விளையாட்டில் உயிர்கள் போனதால்தான் 2004-இல் கலிபோர்னியா அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இரண்டு, கூட்டாட்சி விதிப்படி ஓடும் படகின் திறந்த தளத்தில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும். மாநிலம் வேறு வயது சொன்னால் அது செல்லும். மூன்று, எஞ்சினைக் கிளப்பும் முன் அடிக்குழியில் தேங்கும் பெட்ரோல் ஆவியை வெளியேற்ற விசிறியை நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும். விசிறி வேலை செய்யாத படகை ஓட்டிப் பார்க்கவே சம்மதிக்காதீர்கள்.

வயதும் ஓடிய மணியும்

காரை ஓடிய மைலை வைத்துப் பார்ப்பதுபோலப் படகை ஓடிய மணியை வைத்துப் பார்க்கிறார்கள். கோடையில் மட்டும் ஓட்டும் குடும்பப் படகு ஆண்டுக்கு 50 முதல் 100 மணி ஓடுவது வழக்கம். பதினைந்து வயதுப் படகில் 900 மணி என்றால் பதற வேண்டியதில்லை. இதே வயதில் 150 மணி மட்டும் என்றால்தான் யோசிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற படகில் ரப்பர் காய்ந்து, பெட்ரோல் கெட்டு, பம்புகள் இறுகிப் போயிருக்கும். முறையாகக் கவனித்த வி-8 எஞ்சின்கள் 1,000 மணியைத் தாண்டியும் நன்றாக ஓடுவது சாதாரணம். கவனித்ததற்குச் சான்று, எண்ணெய் மாற்றிய ரசீதுகளும் குளிர்காலத்துக்கு முன் நீர் வடித்த ரசீதுகளும்.

நீர் வடிப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? இந்தப் படகுகளில் பல ஏரி நீரையே உறிஞ்சி எஞ்சினுக்குள் சுற்றவிட்டுக் குளிர்விக்கின்றன. குளிர்காலத்துக்கு முன் அதை வடிக்காவிட்டால் உள்ளே உறைந்த நீர் விரிந்து இரும்பையே பிளந்துவிடும். அப்புறம் எஞ்சினையே மாற்ற வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான டாலர் செலவு. கடல்நீரில் ஓடிய படகென்றால் குளிர்விக்கும் பாதையும் புகைக்குழாய்களும் உள்ளிருந்தே அரிக்கப்பட்டிருக்கும்.

காலத்தை மூன்றாகப் பிரிக்கலாம். 1990களின் தொடக்கம் வரை பல படகுகளில் அடித்தளத்தைத் தாங்கும் நீளச் சட்டங்கள் மரத்தால் ஆனவை. உள்ளே ஊறினால் வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். மலிவு என்று அதில் கைவைப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவது. 1990களின் இறுதி முதல் 2012 வரையிலான காலம் பொற்காலம் என்பேன்: மரமில்லாத உடல், மின்னணு எரிபொருள் அமைப்பு, கோபுரம், பாலஸ்ட் எல்லாம் வந்துவிட்டன, பழுதானால் ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். அதற்குப் பிந்தியவற்றில் தொடுதிரைகளும் மோட்டார்த் தகடுகளும் நிறைந்துவிட்டன. அலை பிரமாதம்தான், ஆனால் ஒரு திரை செத்தால் படகின் பாதி வேலைகள் அதோடு நின்றுவிடும்.

பார்க்கப் போகும் நாள்

விற்பவரிடம் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். போனதும் எஞ்சின் மூடியைத் திறந்து இரும்பின் மேல் கைவைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால், காலையில் கிளப்பச் சிரமப்படும் எஞ்சினை உங்களுக்காக ஓட்டி வைத்திருக்கலாம். எண்ணெய் அளவுக்கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். கறுப்பு பரவாயில்லை, பழைய எண்ணெய். பால் கலந்த காபி நிறம் என்றால் எண்ணெயில் நீர் சேர்ந்திருக்கிறது; அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். வி-டிரைவ் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நீங்கள் மறக்காமல் பாருங்கள்.

அடிக்குழியில் டார்ச் அடியுங்கள். தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் பழைய வகை அடைப்பு இருந்தால், ஓடும்போது சொட்டுச் சொட்டாக நீர் விழும். அது பழுதல்ல, அந்த நீர்தான் அதைக் குளிர்விக்கிறது. நூல்போல ஒழுகினால்தான் வேலை இருக்கிறது. தரையை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சத்தம் மந்தமாகி, மிதித்தால் அமுங்கினால் உள்ளே ஊறியிருக்கிறது. கோபுரத்தின் அடி போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் ஓடினால், யாரோ அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள். பாலஸ்ட் பம்புகளை ஒவ்வொன்றாக நிரப்பவும் வடிக்கவும் சொல்லிப் பாருங்கள். அடிக்கடி சாகிற உறுப்பு அதுதான்.

பிறகு நீரில் இறக்கி ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. முழு வேகத்தில் அதிர்ந்தால் சுழலியோ தண்டோ வளைந்திருக்கும். வெப்பமானி மெல்ல ஏறிக்கொண்டே போனால், நீர் உறிஞ்சும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய மலிவான பாகம் அது. அதையே மாற்றாதவர் வேறு எதைக் கவனித்திருப்பார்? எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், சில நூறு டாலர் கொடுத்து ஒரு படகு மெக்கானிக்கிடம் சிலிண்டர் அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள். இலையுதிர் காலத்தில் விலை இறங்கும் என்பது உண்மை. ஆனால் நீர் வடித்து மூடிவைத்த படகை ஓட்டிப் பார்க்க முடியாது. ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் பார்த்து முடிப்பதே புத்திசாலித்தனம்.

விலைக்கு வெளியே உள்ள விலை

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு வழியில்லாமல் நிற்பதுபோல, படகு வாங்கிய பலர் டிரெய்லரில் மாட்டிக்கொள்கிறார்கள். டயரில் பள்ளம் நிறைய இருந்தாலும் வயதானால் வெடிக்கும். பிரேக், விளக்கு, சக்கர பேரிங் மூன்றையும் பாருங்கள். டிரெய்லரோடு சேர்த்து 21 அடிப் படகே 5,000 பவுண்டைத் தாண்டும். வீட்டிலுள்ள சிறிய எஸ்.யூ.வி. அதை இழுக்காது. எடையேற்றி ஓட்டினால் மணிக்கு ஐந்து முதல் பத்து கேலன் பெட்ரோல் குடிக்கும். காப்பீடு, நிறுத்திடம், குளிர்காலப் பராமரிப்பு தனி. படகின் பின்புற வலது மேல்மூலையில் பதித்த 12 எழுத்து அடையாள எண்ணை உரிமைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டைச் சொல்லும். படகின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் பணம் கைமாறும் முன் உறுதி செய்யுங்கள்.

ஏரிக்கும் ஒரு பங்கு

பெரிய அலை கரையை அரிக்கும், ஆழமற்ற அடிமண்ணைக் கலக்கும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 2022 ஆய்வு, இத்தகைய படகுகள் கரையிலிருந்து குறைந்தது 500 அடி விலகி ஓட வேண்டும் என்றது. 2024-இல் வெர்மான்ட் மாநிலம் 500 அடி தூரத்தையும் 20 அடி ஆழத்தையும் விதியாக்கியது. பாலஸ்ட் பையில் எஞ்சும் நீர் இன்னொரு தொல்லை. 1988-இல் அமெரிக்கப் பேரேரிகளில் கண்டறியப்பட்ட ஜீப்ரா மஸ்ஸல் என்ற சிறு சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அதில் பயணம் செய்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். அதனால் பல மாநிலங்களில் சோதனைச்சாவடியே உண்டு. வாங்கும் முன் நீங்கள் போகும் ஏரியின் விதிகளைப் படித்துவிடுங்கள். உங்கள் ஏரி சிறியதென்றால், பெரிய அலைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

முடிவாக

விளையாட்டும் குடும்பமும் சேர்ந்து வேண்டுமென்றால், 21 அல்லது 22 அடி நீளம், வி-டிரைவ், 2000களின் தொடக்கம் முதல் 2012 வரையிலான மாடல், நன்னீரில் மட்டும் ஓடியது, ரசீது வைத்திருக்கும் உரிமையாளர். நிறுவனப் பெயருக்கு இதில் கடைசி இடம்தான். கவனிப்பு இல்லாத உயர்ந்த பெயரைவிடக் கவனித்த நடுத்தரப் பெயர் பல மடங்கு மேல். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையில் போடாமல், பத்தில் ஒரு பங்கை முதலாண்டுப் பழுதுகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அந்தத் தொகையை ஒதுக்க முடியவில்லையென்றால், இந்தக் கோடைக்கு வாடகைப் படகே சரி.